உறுமும் ஓபெத்தா, உறுமாத ஓபெத்தா?

ஓபெத் என்ற ஸ்வீடன் நாட்டு மெட்டல் இசைக்குழுவின் ரசிகர்களிடம் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஆல்பம் பெரிதா, 'ஹெரிடேஜ்' (2011) ஆல்பம் பெரிதா என்று கேட்டால் அன்றைய பொழுது போய்விடும்.

முன்னதில் பாடகர் மிகேல் ஓகர்ஃபெல்ட் அடிவயிற்றிலிருந்து, மெட்டல் பாணியில் கரகரத்த குரலில் உறுமுவார், அடுத்த நிமிடமே தாலாட்டுப் போலப் பாடுவார். அதிலுள்ள 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. மெதுவாக ஏறி, உறுமல் வெடிக்கும் இடத்தில் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்த மென்மைக்கு எடை தருவதே அந்த முரட்டுத்தனம்தான்.

'ஹெரிடேஜ்' பியானோவில் தொடங்குகிறது. உறுமல் அறவே இல்லை; எழுபதுகளின் ராக், ஜாஸ் வாடைதான். "காசுக்கு விற்றுப்போய்விட்டார்கள்" என்று திட்டியவர்கள் உண்டு. விற்கிற சரக்கா இது? 2003-இல் வந்த 'டாம்னேஷன்' ஆல்பத்திலும் உறுமல் கிடையாதே! ஆனால் அதில் மெட்டுகள் மனதில் ஒட்டின. 'ஹெரிடேஜ்' ஆல்பத்திலோ பாதிப் பாடல்கள் துண்டு துண்டாக நிற்கின்றன, 'ஃபேமின்' உட்பட. குறை குரலில் இல்லை, கோர்ப்பில்.

என் ஓட்டு 2001-க்கே. அப்புறம், 2024 ஆல்பத்தில் உறுமல் திரும்பிவிட்டது. சண்டை மட்டும் ஓயவில்லை.