ஈவ் ஆன்லைன் ஃப்ளீட் சண்டை: வருடக்கணக்கில் ஆடியபின் தெரிவது

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் ஆட்டத்தில் முதல் சில மாதங்கள் எல்லாருடைய பேச்சும் கப்பலைச் சுற்றியே ஓடும். எந்தத் துப்பாக்கி, என்ன ஃபிட்டிங் (கப்பலில் பொருத்தும் கருவிகள்), எவ்வளவு டிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு சேதம்). 2003இல் வந்த இந்த ஆட்டத்தை வருடக்கணக்கில் ஆடுகிறவர்களிடம் கேட்டால் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும்: லாஜி (மற்றக் கப்பல்களைப் பழுதுபார்ப்பவர்கள்) எத்தனை பேர், எல்லாரும் பின்தொடரும் ஆங்கர் யார், எந்தத் தூரத்தில் நின்று அடிக்கப் போகிறோம். சமபலமுள்ள இரண்டு ஃப்ளீட் (கப்பல் கூட்டம்) மோதினால் இந்த மூன்றுக்கும் சரியான பதில் வைத்திருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறது.

முதலில் லாஜி. 30 கப்பல் கிளம்பினால் அதில் 6 லாஜியாவது வேண்டும். நாலு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பெரிய சண்டையைத் தேடிப் போகாமல் இருப்பதே நல்லது. எதிரி மொத்தமும் ஒரே கப்பலைக் குறிவைக்கும்போது அந்தக் கப்பலுக்குக் கிடைப்பது சில நொடிகள். சர்வர் நொடிக்கு ஒரு முறைதான் கட்டளைகளைக் கணக்கிடுகிறது. அடிபடுபவர் பிராட்காஸ்ட் செய்ய வேண்டும் (ஃப்ளீட்டுக்கு உதவிக் குறிப்பு அனுப்ப வேண்டும்), லாஜி அதைப் பார்த்து அவரை லாக் செய்ய (இலக்காகப் பிடிக்க) வேண்டும், பிறகு ரிப்பேர் போய்ச் சேர வேண்டும். இதில் எங்கே மூன்று நொடி வீணானாலும் கப்பல் போய்விடும்.

இங்கே கப்பலின் இரண்டு பாதுகாப்பு அடுக்குகளான ஆர்மருக்கும் ஷீல்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. லாஜி பயன்படுத்தும் ரிமோட் ஷீல்ட் பூஸ்டர் சுழற்சியின் தொடக்கத்திலேயே பலன் தரும். ரிமோட் ஆர்மர் ரிப்பேரர் சுழற்சி முடியும்போதுதான் தரும். அதனால் ஆர்மர் ஃப்ளீட்டில் அடி விழுந்தபின் பிராட்காஸ்ட் செய்தால் தாமதம். ஓவர்வியூவில் (சுற்றியுள்ள கப்பல்களின் பட்டியலில்) மஞ்சள் பெட்டிகள் வரிசையாக வந்தாலே, அதாவது பலர் உங்களை லாக் செய்கிறார்கள் என்று தெரிந்தாலே, அழுத்திவிட வேண்டும். பெட்டி சிவப்பாகும்போது சூடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதே சமயம் ஒரே ஒரு மஞ்சள் பெட்டிக்கெல்லாம் பத்து முறை அழுத்தினால் பிராட்காஸ்ட் பட்டியல் நிரம்பி, நிஜமாகவே சாகிறவரின் பெயர் கீழே போய்விடும். ஒரு முறை அழுத்துங்கள், லாக் வரவில்லை என்றால் மட்டும் இன்னொரு முறை.

கார்டியன், பசிலிஸ்க் என்ற இரண்டு லாஜிக் கப்பல் வகைகளும் ஒன்றுக்கொன்று கெபாசிட்டர் (கப்பலின் மின்சக்தி) கொடுத்துதான் தாக்குப்பிடிக்கும். இந்தக் கேப் (கெபாசிட்டர்) செயினை அகர வரிசையில் அமைப்பது வழக்கம்: ஒவ்வொருவரும் பெயர்ப்பட்டியலில் தனக்கு மேலே இருப்பவருக்கு ஒன்று, கீழே இருப்பவருக்கு ஒன்று. பட்டியலின் முதல் ஆளும் கடைசி ஆளும் ஒருவருக்கொருவர் கொடுத்து வட்டத்தை மூட வேண்டும். ஒருவர் செத்தால் அவருடைய இரு பக்கத்தவரும் கேட்காமலே ஒருவரையொருவர் லாக் செய்துகொள்ள வேண்டும். இதைப் பழக்கப்படுத்தாத லாஜிக் குழு, முதல் ஆளை இழந்த அடுத்த நிமிடமே கேப் வற்றி நிற்கும். எதிரியின் மின்னணுக் குறுக்கீட்டால் ஜாம் ஆனால் பிடித்திருந்த லாக் எல்லாம் உதிர்ந்துவிடும், அப்போது ‘ஜாம்’ என்ற ஒரு சொல்லை வாய்ஸில் சொன்னால் போதும். ஒனிரோஸ், சிமிட்டார் என்ற மற்ற இரண்டு லாஜிக் கப்பல்களுக்கு இந்தச் செயின் தேவையில்லை. சின்னக் குழுக்களுக்கு அவை இரண்டும்தான் ஏற்றவை.

அடுத்தது தூரம். துப்பாக்கியின் ஆப்டிமலோடு (துல்லியம் குறையாத தூரம்) ஃபால்ஆஃபையும் (அதற்கப்பால் துல்லியம் குறைந்துகொண்டே போகும் தூரம்) கூட்டினால் வரும் தூரத்தில், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், பாதிச் சூடுகள்தான் படும். நம்முடைய ஆப்டிமலுக்குள்ளும் அவர்களுடைய ஃபால்ஆஃபுக்கு வெளியேயும் இருக்கிற இடைவெளியில் நின்றால், எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் ஜெயிக்கலாம். அந்த இடைவெளியைப் பிடித்துவைப்பது ஆங்கரின் வேலை. மற்ற அத்தனை பேரும் அவரை 500 முதல் 1,000 மீட்டரில் ‘கீப் அட் ரேஞ்ச்’ (அந்தத் தூரத்திலேயே பின்தொடரும் கட்டளை) போட்டுவிட்டு, சூட்டையும் பிராட்காஸ்டையும் மட்டும் கவனிப்பார்கள். ஆங்கர் எதிரியை நோக்கி நேர்கோட்டில் போகக் கூடாது. நேராகப் போனால் கோண வேகம் பூஜ்யத்துக்கு அருகில் வந்து எதிரியின் பெரிய துப்பாக்கிகள்கூடச் சிரமமின்றி அடிக்கும். சாய்வாக, சுழன்று நெருங்க வேண்டும். எம்டபிள்யூடி (வேகத்தைக் கூட்டும் கருவி) போட்டால் சிக்னேச்சர் ரேடியஸ் (எதிரிக்குக் கப்பல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்ற அளவு) 500% கூடும், அதாவது ஆறு மடங்கு. ஏவுகணை ஃப்ளீட்டுக்கு எதிரில் அதைத் தேவைக்குமேல் ஒரு நொடி ஓடவிட்டாலும் விலை கொடுக்க வேண்டிவரும். இரண்டாவது ஆங்கரின் பெயரைக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். முதல் ஆங்கர் வெடித்ததும் கூட்டம் நாலாபக்கமும் மிதந்து போவதுதான் தோல்விகளில் அடிக்கடி காணும் காட்சி.

சூட்டைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. எஃப்சி (ஃப்ளீட் கமாண்டர்) சொல்லும் ப்ரைமரியை (முதல் இலக்கை) மட்டும் அடியுங்கள், ஆனால் அடுத்த இரண்டு பெயர்களையும் முன்கூட்டியே லாக் செய்து வையுங்கள். ஒரு கப்பல் வெடித்தபின் அடுத்ததை லாக் செய்ய ஆரம்பிக்கும் ஃப்ளீட், அந்த நொடிகளை எதிரி லாஜிக்குத் தானமாகக் கொடுக்கிறது.

டேக்கிள் எடுப்பவர்கள், அதாவது எதிரி தப்பாமல் பிடித்துவைப்பவர்கள், எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எதிரி வார்ப் (நெடுந்தூர அதிவேகப் பயணம்) ஆகாமல் தடுக்கும் கருவிகளில் டெக் 2 (மேம்பட்ட வகை) டிஸ்ரப்டர் 24 கிமீ, ஸ்க்ராம்ப்ளர் 9 கிமீ. ஸ்க்ராம்ப்ளர் எம்டபிள்யூடியையும் அணைத்துவிடும், டிஸ்ரப்டரால் அது முடியாது. இன்டர்டிக்டர் கப்பல் வீசும் பபிள் (வார்ப்பைத் தடுக்கும் கோளம்) 20 கிமீ ஆரம் கொண்டது, 2 நிமிடம் நிற்கும், நல்செக்கிலும் (காவல் இல்லாத பகுதி) வார்ம்ஹோலிலும் மட்டும்தான் வீசலாம். பபிளைத் தப்பான நேரத்தில் வீசினால் சொந்த ஃப்ளீட்டே அதில் மாட்டும். கப்பல் அதிகபட்ச வேகத்தில் 75% எட்டித் திசை சரியானால்தான் வார்ப் ஆகும், ஆகவே எஃப்சி ‘அலைன்’ சொன்ன கணத்திலேயே திரும்பத் தொடங்காதவர் பின்தங்கித் தனியாக இறங்கிச் சாவார். சுட்ட பிறகு 60 நொடி கேட்டில் (நட்சத்திர மண்டலங்களை இணைக்கும் வாசல்) தாவ முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெரிய சண்டைகளில் அனுபவமே மாறிவிடும். சர்வர் திணறினால் டைம் டைலேஷன் வந்து ஆட்டத்தின் வேகத்தை வழக்கத்தில் 10% அளவுக்கு வரை இறக்கும். அப்போது 2 நிமிடப் பபிள் 20 நிமிடம் நிற்கும். 2014 ஜனவரி 27இல் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில், அதன் உரிமைக் கட்டணம் செலுத்தப்படாமல் விடுபட்டதில் தொடங்கிய சண்டை சுமார் 21 மணி நேரம் நடந்து 75 டைட்டன்களை (ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்கள்) விழுங்கியது. தோற்ற தரப்பு 59, வென்ற தரப்பு 16. ஒரு டைட்டன் விழுந்தால் அடுத்த வாலியில் (ஒரே நேரத்தில் எல்லாரும் சுடும் சூட்டில்) அதன் டூம்ஸ்டே (டைட்டனின் பேராயுதம்) இல்லை, அதற்கடுத்த வாலியில் இன்னொன்றும் இல்லை. ஆரம்பத்தில் வரும் சிறு இடைவெளி இப்படித்தான் வட்டிக்கு வட்டியாக ஏறும். 15 பேர் சண்டையிலும் இதே கணக்குதான், அங்கே டைட்டனுக்குப் பதில் லாஜி.

குறைகளும் உண்டு. மூன்று மணி நேரம் கூட்டிச் சென்று ஒரு சூடும் சுடாமல் திரும்பும் இரவுகள் நிறைய வரும். டைம் டைலேஷனில் ஒரு மாட்யூலை அழுத்திவிட்டுக் காத்திருப்பது அலுப்பு. ஓவர்வியூ அமைப்பு புதியவர்களை மிரட்டுகிறது, ஆட்டமும் அதைச் சரியாகக் கற்றுத்தருவதில்லை. இருந்தும் இருநூறு பேர் ஒரே குரலுக்கு ஒன்றாகத் திரும்பும் அந்த உணர்வு இந்த ஆட்டத்தைப் பல வருடம் விடாமல் ஆட வைக்கிறது.

புதிதாகச் சேர்பவர்கள் 2016 முதல் உள்ள இலவச ஆல்ஃபா கணக்கிலேயே டேக்கிள் ஃப்ரிகேட்டும் (சிறு கப்பல்), ஆகோரர், ஆஸ்ப்ரே போன்ற டெக் 1 லாஜியும் ஓட்டலாம். முதல் ஃப்ளீட்டுக்கு முன் ‘நீட் ஆர்மர்’, ‘நீட் ஷீல்ட்’ என்ற பிராட்காஸ்ட் இரண்டுக்கும் விசைப்பலகையில் குறுக்குவிசை வையுங்கள். எஃப்சி, இரண்டு ஆங்கர்கள், லாஜிகள் எல்லாரையும் வாட்ச் லிஸ்டில் சேருங்கள். ஓவர்வியூவில் சொந்த ஃப்ளீட்டை மறைத்த சண்டைத் தாவல் ஒன்று தனியாக இருக்கட்டும், இல்லையென்றால் நெரிசலில் ப்ரைமரிக்குப் பதில் பக்கத்தில் நிற்கும் தோழரை லாக் செய்துவிடுவீர்கள்.