லாரி எஞ்சின் படகில் சூடேறினால்: ஹீட் எக்ஸ்சேஞ்சரா, கீல் கூலிங்கா?

லாரியில் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று உண்டு. படகின் எஞ்சின் அறைக்குள் அது ஏது? அதனால் காசிமேட்டு விசைப்படகில் அதே டீசல் எஞ்சினை மாட்டும்போது குளிர்விக்க வேறு வழி தேட வேண்டும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஒரு பம்பு கடல் தண்ணீரை இழுத்து, எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரை ஆற்றிவிட்டு வெளியே தள்ளும். பழுது பார்க்கப் படகைக் கரையேற்ற வேண்டாம். ஆனால் தொல்லை முழுக்கக் கடல் தண்ணீர் பக்கம்தான். சூடேறினால் முதலில் வெளியே விழும் தண்ணீரைப் பாருங்கள். குறைந்திருந்தால் வடிகட்டியில் பிளாஸ்டிக் பை சிக்கியிருக்கலாம் (துறைமுகத்தில் அதற்கா பஞ்சம்!). இல்லையா, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தின் (இம்பெல்லர்) இதழ் பிய்ந்திருக்கும். புதுசு மாட்டினால் மட்டும் போதாது. பிய்ந்த துண்டுகளைத் தேடி எடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் எக்ஸ்சேஞ்சர் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சருக்குப் பதிலாகத் தான் அரிபடட்டும் என்று வைக்கும் துத்தநாகக் கட்டியை, பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள்.

கீல் கூலிங்கில் நன்னீரே படகுக்கு அடியில் உள்ள குழாயில் சுற்றி ஆறி வரும். கடல் தண்ணீர் பம்பு இல்லை, பையும் சிக்காது. அப்புறம் என்ன குறை? குழாயில் பாசியும் சிப்பியும் படிந்தால் சூடு நாளாக நாளாக ஏறும். சுரண்டப் படகைக் கரையேற்றியாக வேண்டும். ஆற்றக் கடல் தண்ணீர் வராததால் புகைக்குழாய்க்கும் தனியாக வெப்பக்காப்பு சுற்ற வேண்டும்.

குப்பையும் சேறும் கலங்கும் துறையில் நிற்கிற படகு என்றால் என் ஓட்டு கீல் கூலிங்குக்குத்தான்.