2006 ரோஸ் பவுலா, 2007 ஃபியஸ்டா பவுலா: முழுசாக ஒன்றுதான் பார்ப்பீர்கள் என்றால்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை ஒரே ஒரு பழைய ஆட்டத்தின் முழுப் பதிவை வைத்துக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு எதைக் கொடுப்பது? ரொம்ப யோசித்தாலும் கடைசியில் இரண்டுதான் மிஞ்சும். ஒன்று, 2006 ஜனவரி 4 அன்று பாசடீனாவில் நடந்த ரோஸ் பவுல் (பவுல் என்றால் சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்). தரவரிசையில் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சியை (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) இரண்டாம் இடத்து டெக்ஸஸ் 41-38 என்று வென்றது. மற்றது, 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த ஃபியஸ்டா பவுல். முதல் பத்து இடங்களுக்குள் இருந்த இரு அணிகள், போய்சி ஸ்டேட்டும் ஓக்லஹோமாவும். கூடுதல் நேரத்தில் போய்சி 43-42.

என் ஓட்டு ரோஸ் பவுலுக்கு. ஏன் என்பதைத்தான் கீழே கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

விறுவிறுப்பை வைத்து மார்க் போட வேண்டாம். இரண்டிலும் அதற்குக் குறைவில்லை. நட்சத்திரக் கணக்கில் ரோஸ் பவுல் கனம்: யுஎஸ்சி பக்கம் 2004 ஹைஸ்மன் (ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது) வென்ற மேட் லைனார்ட், 2005 ஹைஸ்மன் வென்ற ரெஜி புஷ் (2010-ல் கைவிட்டுப்போன அந்தக் கோப்பை 2024-ல்தான் அவரிடம் திரும்பியது), எதிர்ப்பக்கம் டெக்ஸஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) வின்ஸ் யங். ஃபியஸ்டாவில் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன். பணயமும் ரோஸ் பவுலில்தான் அதிகம். அது தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். யுஎஸ்சி 34 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்திருந்தது. பெரிய கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) எதிலும் இல்லாத சின்ன அணி ஜாம்பவானைச் சாய்த்த கதைதான் வேண்டுமென்றால் ஃபியஸ்டா. இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: முடிவு தெரிந்த பிறகு, இரண்டாம் முறை பார்க்கும்போது ஆட்டம் தாங்குகிறதா? புதிதாகக் கற்பவருக்கு ஒரே உத்தி பல தடவை, பல நெருக்கடிகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும். அப்போதுதான் பிடிபடும். ஃபியஸ்டாவின் புகழ் முழுக்க மூன்று உத்திகளில் நிற்கிறது, மூன்றும் தலா ஒரே ஒரு தடவை வருபவை. ரோஸ் பவுலில் ஒரே உத்தி ஆட்டம் நெடுக வருகிறது. அதன் பெயர் ஸோன் ரீட்.

செய்முறை இது. யங் சென்டருக்கு (பந்தைப் பின்னே தரும் நடு ஆள்) ஐந்து யார்டு பின்னால் நிற்பார், பக்கத்தில் ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்). பந்து வந்ததும் முன்வரிசை லைன்மேன்கள் ஐவரும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை (எதிரணித் தடுப்பு வரிசையின் ஓர ஆள்) மட்டும் யாரும் தொடமாட்டார்கள். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். யங் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டிப் பிடித்தபடி அந்த எண்டையே பார்ப்பார். அவர் ரன்னிங் பேக்கை அமுக்க உள்ளே பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு அவர் காலி செய்த வெளிப்பக்கத்தில் யங் ஓடுவார். எண்ட் நின்ற இடத்திலேயே நின்றால் பந்து ரன்னிங் பேக்குக்கு. அவர் எதைச் செய்தாலும் தப்பாக வேண்டும், அதுதான் கணக்கு. ஒருவரைத் தொடாமலே ஆட்டத்திலிருந்து நீக்கியாயிற்று. அவரைத் தடுத்திருக்க வேண்டிய லைன்மேன் இப்போது தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தேடிப் போகிறார்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய்வார். அவருக்குப் பின்னால் லைன்பேக்கர் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வருவார். எண்ட் பாய்ந்ததை நம்பி பந்தை உருவிய குவார்ட்டர்பேக் நேராக லைன்பேக்கர் மடியில் போய் விழுவார். காகிதத்தில் கச்சிதம். ஆனால் ஆறடி ஐந்து அங்குல உயரத்தில் நீண்ட காலெட்டு வைக்கும் யங்கை வெளிப்பக்கம் எட்டிப் பிடிக்க அந்த லைன்பேக்கருக்கு வேகம் பத்த வேண்டுமே! பின்வரிசை சேஃப்டியை முன்னே இழுத்து ஆள் கூட்டினால், காலியான இடத்தில் பாஸ் போகும். அன்றைய கணக்கைப் பாருங்கள்: யங் 19 ஓட்டங்களில் 200 யார்டு, மூன்று டச் டவுன் (பந்தோடு எதிரணிக் கோட்டைத் தாண்டுவது, ஆறு புள்ளி), பாஸில் 40-க்கு 30, 267 யார்டு, ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்துக்கொள்ளும் பாஸ்) இல்லை. இந்த இரண்டு வரிகளையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது. முதல் வரிதான் இரண்டாம் வரியைச் சாத்தியமாக்கியது.

பார்க்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னே தருவது) முன் ரன்னிங் பேக் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே பக்க ஓரத்து எண்ட்தான் தொடப்படாதவர். அவர் தோள் உள்ளே திரும்புகிறதா, நேராக நிற்கிறதா என்பது மட்டும் போதும். முதல் பாதியில் பத்துக்கு எட்டு தடவை கோட்டை விடுவீர்கள். மூன்றாவது கால் பகுதியில் யங் முடிவெடுக்கும் கணத்திலேயே உங்களுக்கும் தெரிந்துவிடும். கற்றுக்கொள்ள நேரம் கொடுக்கும் ஆட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே ஆட்டம் நடத்தும் இரண்டாவது பாடம் நான்காவது டவுன். டவுன் என்றால் ஒரு முயற்சி; நான்குக்குள் பத்து யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. முதல் கால் பகுதியிலேயே டெக்ஸஸ் எல்லைக்குள் ஒரு யார்டு தேவைப்பட, லைனார்ட் தானே நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டார். மூன்றாவது கால் பகுதியில் மறுபடி ஒரு யார்டு. யுஎஸ்சியின் ரன்னிங் பேக் லெண்டேல் ஒயிட் 12 யார்டு ஓடி டச் டவுனே போட்டார். கடைசியில் 38-33 என்று யுஎஸ்சி முன்னே இருக்கையில், இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, டெக்ஸஸின் 45-ஆவது யார்டில் நான்காவது டவுன், இரண்டு யார்டு தேவை. பந்து மறுபடி ஒயிட்டிடம். ஒரு யார்டு போதாமல் போனது.

யுஎஸ்சி பயிற்சியாளர் பீட் கேரல் பன்ட் அடித்திருக்க (பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்திருக்க) வேண்டும் என்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்ட் அடித்தால் டெக்ஸஸ் மேலும் முப்பது யார்டு வாக்கில் பின்னே போயிருக்கும், அவ்வளவே. அதற்குச் சற்று முன்புதான் யங் இரண்டரை நிமிடத்தில் களம் கடந்து டச் டவுன் போட்டிருந்தார். இரண்டு யார்டு கிடைத்தால் ஆட்டமே கிட்டத்தட்ட முடிந்தது. முயன்றது சரி. முயன்ற விதத்தில்தான் கோளாறு: அந்த ஸ்னாப்பில் ரெஜி புஷ் களத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்றார். அவர் உள்ளே இருந்திருந்தால், பந்து அவருக்குப் போகாவிட்டாலும், வெளிப்பக்கம் ஓரிருவரை அவருக்காக நிறுத்தியாக வேண்டும். அவர் இல்லாததால் டெக்ஸஸ் பயமில்லாமல் நடுவில் ஆளைக் குவித்தது. ஒயிட் அன்று 20 ஓட்டங்களில் 124 யார்டு எடுத்தவர், அவரை நம்பியது தப்பில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழியில் அனுப்பியதுதான் தப்பு.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவைப்பட்ட இக்கட்டில் யுஎஸ்சியின் முகக்கவசத் தவறு (எதிராளியின் முகக்கவசத்தைப் பிடித்திழுப்பது) டெக்ஸஸைக் காப்பாற்றியது. எட்டாவது யார்டில் நான்காவது டவுன், ஐந்து தேவை. பாஸ் போட ஆள் கிடைக்காமல் யங் வலது மூலைக்கு ஓடினார், 19 வினாடி பாக்கி. டச் டவுனுக்குப் பின் உதைக்காமல், ஓடியோ பாஸ் போட்டோ எடுக்கும் இரண்டு புள்ளிக்கு முயன்றதையும் கவனியுங்கள். உதையில் ஒரு புள்ளி எடுத்திருந்தால் முன்னிலை இரண்டு, யுஎஸ்சி ஒரு ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி) ஜெயித்துவிடலாம். மூன்றாக்கினால் சமன்தான் செய்ய முடியும். அதையும் யங்கே ஓடி எடுத்தார்.

ஃபியஸ்டாவைக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். 28-10 என்று முன்னே இருந்த போய்சி சறுக்கிச் சறுக்கி, 28-28 ஆனதும் முதல் பாஸையே எதிரணியிடம் கொடுத்து, ஒரு நிமிடம் பாக்கி இருக்கையில் 35-28 எனப் பின்தங்கியது. பிறகு நான்காவது டவுனில் 18 யார்டு தேவைப்பட்டபோது வந்ததுதான் ஹூக் அண்ட் லேட்டரல்: போய்சியின் குவார்ட்டர்பேக் ஜேரட் ஸப்ரான்ஸ்கி 15 யார்டு பாஸ் போட, அதைப் பிடித்த ட்ரிசன் ஜேம்ஸ் எதிர்த்திசையில் ஓடிவந்த ஜெரார்டு ராபிடம் பின்னோக்கித் தட்ட, ராப் 35 யார்டு ஓடி டச் டவுன். பாக்கி ஏழு வினாடி.

இங்கே இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நல்ல பாடம் கிடைக்கும். ரோஸ் பவுலின் முதல் பாதியில் ரெஜி புஷ்ஷும் நீண்ட ஓட்டத்தின் நடுவே பக்கத்து ஆளிடம் பந்தைத் தட்டினார். அது தரையில் விழுந்து டெக்ஸஸ் கைக்குப் போனது. இரண்டும் ஒரே செயல்தான். புஷ் அந்தக் கணத்தில் தோன்றியதைச் செய்தார், வாங்க வேண்டியவர் எதிர்பார்க்கவே இல்லை. ராப் வாங்குவதற்கென்றே முழு வேகத்தில் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். தடுப்பாளர்கள் அத்தனை பேரும் ஜேம்ஸை நோக்கிக் கூடியதால் அவர்கள் முதுகுப்பக்கம் காலியாகக் கிடந்தது. லேட்டரலில் பந்தைத் தருபவரைவிட வாங்குபவர் வரும் வேகமும் திசையும்தான் முக்கியம்.

கூடுதல் நேரத்தில் பீட்டர்சன் முதல் ஸ்னாப்பிலேயே 25 யார்டு ஓடி டச் டவுன் போட்டுவிட, போய்சி நான்காவது டவுனில் ஒரு ரிசீவரை (வழக்கமாகப் பாஸைப் பிடிப்பவரை) விட்டு பாஸ் போடவைத்துப் பதில் சொன்னது. பிறகு சமன் செய்யும் உதையை ஒதுக்கிவிட்டு இரண்டு புள்ளிக்குப் போனார்கள். ஸப்ரான்ஸ்கி வலது கையால் வெறுங்கை வீச்சு வீச, இடது கையில் முதுகுக்குப் பின்னால் இருந்த பந்தை இயன் ஜான்சன் வாங்கி இடப்பக்கம் ஓடினார். அதற்குப் பெயர் ஸ்டாச்சூ ஆஃப் லிபர்ட்டி. அழகு. ஆனால் இதைப் பார்த்து அடுத்த சனிக்கிழமை வேறொரு ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இந்த உத்தி வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை எங்காவது கண்ணில் பட்டால் அதிகம். ஸோன் ரீட் இன்றும் ஒவ்வொரு வாரமும் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. டிவி பதிவில் ஸ்னாப் நேரத்தில் சேஃப்டிகள் பெரும்பாலும் திரைக்கு வெளியே நிற்பார்கள். அதனால் பாஸ் தடுப்பு பற்றி, குறிப்பாகக் கடைசி நிமிடங்களில் யுஎஸ்சி யாரை எங்கே நிறுத்தியது என்பது பற்றி, நான் உட்பட யார் சொல்வதையும் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்கள். லைனில் நடப்பது முழுக்கத் தெரியும், அதை நம்பலாம்.

விதிகளும் மாறியிருக்கின்றன. இந்த இரண்டு ஆட்டங்களிலும் முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரம் சற்று நிற்கும். 2023 முதல் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டும்தான் அப்படி. ஃபியஸ்டாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடுதல் நேர விதியையும் இன்றையதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: 2021 முதல் இரண்டாவது கூடுதல் நேரத்திலேயே டச் டவுனுக்குப் பின் இரண்டு புள்ளிக்கு முயல்வது கட்டாயம், மூன்றாவதிலிருந்து இரு அணிகளும் மாறி மாறி இரண்டு புள்ளி முயற்சி மட்டுமே செய்யும். போய்சி முதல் கூடுதல் நேரத்திலேயே, யாரும் கட்டாயப்படுத்தாமல் அதைச் செய்தது.