“ஷேர் பண்ணிட்டேன் சார்” என்றார், 40,000 போனது

வீடியோ எடிட்டர் ஒருவரை ஒரு தளம் வழியாக அமர்த்தி ஏமாந்தேன். என் புகாருக்கு இன்று காலை அந்தத் தளத்திலிருந்து பதில் வந்துவிட்டது. “இந்த ஆர்டர் நிறைவடைந்ததாகப் பதிவாகியுள்ளது. மேற்கொண்டு எங்களால் எதுவும் செய்ய இயலாது.” சரி, உங்களால் இயலாது. எழுத என்னால் இயலும். போனது 40,000 ரூபாய். அதற்குப் பதிலாக என் கூகுள் டிரைவில் இருப்பது, தொட்டால் “அணுகல் தேவை” என்று சொல்லும் ஒரு ஷார்ட்கட்.

ஃப்ரீலான்சர்களை, அதாவது தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களை, அமர்த்தித் தரும் தளம் அது. பெயர் சொல்லப் போவதில்லை. அந்த வகைத் தளங்கள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. நான் ஆன்லைனில் பாடம் எடுப்பவன். பதிவு செய்து வைத்திருந்த வீடியோக்களை வெட்டி, ஒலியைச் சுத்தம் செய்து, சப்டைட்டில் போட்டுத் தர ஒரு வீடியோ எடிட்டர் வேண்டியிருந்தது. மதிப்பீடுகள் நன்றாக இருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். முழுத் தொகை 40,000. அதைத் தளம் முதலில் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளும். வேலை கைக்கு வந்ததும் நாம் “பெற்றுக்கொண்டேன்” என்று அழுத்தினால்தான் அவருக்குப் போகும். இந்த ஏற்பாடு இருப்பதால் பயமே வேண்டாம் என்றுதான் அவர்களுடைய விளம்பரமும் சொல்கிறது.

வேலையில் குறை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு முன்பே முடித்தார். கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு என் முகவரிக்குப் பகிர்ந்தார். முதலில் பார்வையாளர் அனுமதி மட்டும், டவுன்லோடு அணைத்து வைத்திருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. காசு வரும் முன்னே கோப்பைக் கொடுத்துவிட்டு ஏமாந்த எடிட்டர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பயம் அவர்களுக்கு. ஒவ்வொரு வீடியோவையும் ஓட்டிப் பார்த்தேன். திருத்தம் சொன்னேன், செய்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் விஷயம். “பேமெண்ட் ரிலீஸ் பண்ணுங்க சார், உடனே உங்களை ஃபோல்டர்ல எடிட்டர் ஆக்கிடறேன். அப்புறம் அது உங்க ஃபோல்டர்தான் சார்” என்றார். இப்போது படித்தாலும் எரிகிறது அந்த வரி. நான் அழுத்தினேன். 40,000 போனது. சொன்னபடியே அடுத்த நிமிடம் அனுமதியும் மாறியது: பார்வையாளர் என்றிருந்தது எடிட்டர் என்று ஆனது, டவுன்லோடு பொத்தானும் வந்தது. இவ்வளவு நேர்மையான ஆளா என்று நினைத்து ஐந்து நட்சத்திரமும் போட்டேன். எனது டிரைவில் ஒரு ஷார்ட்கட்டும் சேர்த்துக்கொண்டேன், பார்க்கும்போது எல்லாம் என்னிடமே இருப்பது போலத் தெரிந்தது.

பெரிய ஃபோல்டரை டவுன்லோடு செய்தவர்களுக்குத் தெரியும், டிரைவ் அதை ஒரே கோப்பாகத் தராது. ஜிப் ஜிப்பாகப் பிரித்துத்தான் தரும். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தத் துண்டை மறுபடி எடுக்க வேண்டும். சில துண்டுகள் இறங்கின. மீதியை எடுக்க மறுநாள் உட்கார்ந்தால், ஃபோல்டர் இல்லை. “என்னுடன் பகிர்ந்தவை” பகுதியிலும் இல்லை. ஷார்ட்கட் மட்டும் அதே பெயரோடு நிற்கிறது. தொட்டால், அணுகலைக் கோருங்கள் என்கிறது. கோரினேன். அந்தக் கோரிக்கை போய்ச் சேருவதும் அதே ஆளிடம்தான் என்பதை என்னவென்று சொல்வது!

முதல் பதில்: “சர்வர் பிரச்சினை சார், சரியாயிடும்.” டிரைவில் ஒரு ஃபோல்டரிலிருந்து என் பெயர் மட்டும் காணாமல் போவது சர்வர் பிரச்சினையாம். அடுத்த பதில்: “என் அக்கவுண்ட்ல இடம் நிறைஞ்சிடுச்சு சார், வேற கிளையண்ட் வேலை வந்தது, உங்களோடதை நகர்த்தி வச்சிருக்கேன்.” நகர்த்தினால் திருப்பிப் போடுங்கள் என்றேன். அதற்கு வந்தது பாருங்கள் ஒரு பதில்: திரும்ப ஏற்றித் தர, ஸ்டோரேஜ் செலவு என்று மேலும் 5,000 வேண்டுமாம். ஏற்கெனவே கொடுத்த 40,000 எதற்கு என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை. இன்றுவரை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு வருவோம். முதலில் பேசியது ஒரு பாட், மனிதரல்ல, தானாகப் பதில் தரும் மென்பொருள். நான் “கோப்பு கிடைக்கவில்லை” என்று எழுத, “கோப்பை எப்படிப் பதிவேற்றுவது” என்ற உதவிப் பக்கத்தை அனுப்பியது. பிறகு வந்த மனிதர், நான் ஸ்கிரீன்ஷாட்களோடு எழுதிய எதையும் படிக்காமல், ஆர்டரை நீங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். ஆமாம், பார்த்து ஏற்றுக்கொண்டேன். கொடுத்துவிட்டுப் பறித்துக்கொண்டதைப் பற்றித்தான் புகார் என்றேன். வேறொருவர் வந்தார், முதலிலிருந்து விளக்கச் சொன்னார். விளக்கினேன். “எங்கள் தளத்துக்கு வெளியே பகிரப்பட்ட கோப்புகளுக்கு நாங்கள் பொறுப்பேற்பதில்லை” என்று முடித்தார்.

இதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாத இடம். அவர்களுடைய டெலிவரிப் பெட்டி பெரிய வீடியோவை ஏற்காது. பெரிய கோப்பென்றால் இணைப்பை ஒட்டுங்கள் என்று அந்தப் பெட்டியின் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இணைப்பை ஒட்டச் சொல்வதும் அவர்கள், ஒட்டிய இணைப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதும் அவர்கள். அந்த இணைப்பு மறுநாள் உயிரோடு இருக்குமா என்று பார்க்க அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் 40,000-இல் தங்கள் கமிஷனை எடுக்க மட்டும் ஏற்பாடு கச்சிதமாக இருக்கிறது.

டிரைவ் மீது எனக்குக் கோபமில்லை, அது தன் விதிப்படிதான் நடக்கிறது. அந்த விதியைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தனிநபர் கணக்கில் ஒரு கோப்புக்கு உரிமையாளர் ஒருவர்தான். எடிட்டர் என்றால் மாற்றலாம், சேர்க்கலாம், உரிமையாளர் தடுக்காதவரை பிறருக்குப் பகிரவும் செய்யலாம். ஆனாலும் வாடகைக்காரர் கையில் இருக்கும் சாவிதான் அது; பூட்டை மாற்ற வீட்டுக்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உரிமையாளர் கோப்பை நீக்கினால் அது அவருடைய குப்பைக்குப் போய் 30 நாளில் நிரந்தரமாக அழியும், அதற்குள் மீட்க முடிந்தவரும் அவர்தான். நம் ஷார்ட்கட் வெறும் வழிகாட்டிப் பலகை. அதில் ஒரு பைட் கூட நம்முடையது இல்லை.

யாருடைய கோப்பு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கோப்பு யாருடைய இடத்தைத் தின்கிறது என்று பாருங்கள். கூகுளில் இலவசமாக 15 ஜிபி வரைதான், அதுவும் மெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. உங்களுக்குப் பெரிய வீடியோ ஃபோல்டர் “வந்த” பிறகும் உங்கள் கணக்கில் இடம் கொஞ்சமும் குறையவில்லையா? அப்படியானால் எதுவும் வரவில்லை. “இடமும் மிச்சம் சார், உங்க அக்கவுண்ட்ல கணக்காகாது” என்று அவர் அதை ஒரு வசதி போலச் சொன்னார்!

இந்த விதியால் ஒரே ஒரு நன்மை எனக்குக் கிடைத்தது. என் மூல வீடியோக்களை அவருடைய வேறொரு ஃபோல்டரில்தான் ஏற்றியிருந்தேன். ஃபோல்டர் அவருடையதாக இருந்தாலும், நான் ஏற்றிய கோப்புக்கு உரிமையாளர் நான். டிரைவ் தேடலில் உரிமையாளர் “நான்” என்று வடிகட்டியதும் அவை கிடைத்துவிட்டன. மூலம் பிழைத்தது. 40,000 கொடுத்து வாங்கிய வேலைதான் போனது.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில: கோப்பு உங்கள் கணினியிலோ ஹார்டு டிஸ்கிலோ முழுதாக இறங்கி, திறந்து ஓடும்வரை எந்தத் தளத்திலும் “பெற்றுக்கொண்டேன்” என்று அழுத்தாதீர்கள். எடிட்டர் அனுமதி தருகிறேன் என்றால் மயங்காதீர்கள், உரிமையை மாற்றித் தரச் சொல்லுங்கள். பகிர்வுப் பெட்டியில் பெயருக்கு அருகிலேயே அந்த வசதி இருக்கிறது, நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் மாறும். ஃபோல்டரின் உரிமையை மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகள் மாறாது, அதிலும் ஏமாற வேண்டாம். இன்னும் நல்லது, ஃபோல்டரை நீங்கள் உருவாக்குங்கள். அவர் ஏற்றிய ஒவ்வொன்றையும் உடனே நகலெடுங்கள், ஏனென்றால் ஏற்றியவரே அந்தக் கோப்புக்கு உரிமையாளர். நகல் உங்கள் பெயரில் இருக்கும், உங்கள் இடத்தையும் தின்னும். தின்னட்டும்.

அப்புறம், சண்டை வந்துவிட்டால் உங்கள் ஃபோல்டர்களிலிருந்து அந்த ஆளை உடனே நீக்குங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பொது அணுகல் “இணைப்பு உள்ள எவரும்” என்று திறந்திருந்தால், நீக்கப்பட்டவர் அதே இணைப்பு வழியாக மறுபடி நுழைவார். அதை “கட்டுப்படுத்தப்பட்டது” என்று மாற்றுங்கள். எடிட்டர்கள் பிறருக்குப் பகிரும் வசதியையும் அமைப்பில் அணைத்துவிடுங்கள்.

புகாரை மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறேன். “உங்கள் கோரிக்கை பெறப்பட்டது” என்று தானியங்கி மெயில் மட்டும் வந்திருக்கிறது. கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு படிவம்.