லைன் வீடா, சொந்தக் கூரையா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு நிர்வாகம் வரிசையாகக் கட்டித் தரும் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா ஓய்வுபெற்றதும், டவுனை ஒட்டி இரண்டு சென்ட் நிலத்தில் வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். லைனில் இருக்கலாமா, வெளியேறலாமா என்று சொந்தக்காரர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள்.

வசதிக் கணக்கில் லைன் வீடு தோற்காது. வாடகை கிடையாது, 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததிலிருந்து வீடு தருவது நிர்வாகத்தின் கடமை. ஒரு சாவு என்றால் பத்து வாசலும் சேர்ந்து திறக்கும். டவுனில் அது இல்லை.

ஆனால் கூரையைப் பாருங்கள். எங்கள் அடுப்படிக்கு மேல் ஒரு தகடு விரிசல் விட்டிருந்தது. மழை இரவுகளில் அதன் கீழே வைத்த அலுமினியக் குண்டானை அம்மா இரண்டு முறை எழுந்து கொட்டுவார். புதுத் தகடு வாங்கப் பணம் இருந்தது. கைவைக்க அனுமதி இல்லை. ஆபீசில் எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சங்கக் கூட்டத்துக்குப் போனவர் வீட்டு மனு அடியில் போய்விடும். போனஸ் பிரச்சினை நடந்த ஆண்டு அப்பா கூட்டத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். கூரையைக் காட்டினார்.

கட்டடங்களின் அமைப்பே அப்படி. மேட்டில் துரை என்கிற மேலாளரின் பங்களா, சரிவில் ஆபீஸ், பள்ளத்தில் பொதுச்சுவர் போட்ட லைன். எந்த வாசலில் விளக்கு எரிகிறது என்பது பங்களாவிலிருந்து தெரியும். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த தாத்தா, அங்கே விட்டுவந்த லயத்தை, அதாவது லைன் வீட்டைப் போன்ற ஒன்றுக்கே இங்கும் வந்து சேர்ந்தார்.

வீட்டில் ஒருவர் பெயர் தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில் இருந்தால்தான் லைனில் இருக்கலாம். அம்மாவுக்குப் பின் என் பெயரைக் கேட்டார்கள், மறுத்தேன். பணிக்கொடை, சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கைக்கு வந்தது.

சொந்த வீட்டில் செலவு சுவருக்கு இல்லை, மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான். தடுப்புச் சுவருக்கு வாங்கிய நகைக்கடனை இன்னும் கட்டுகிறேன். அது மூன்று ஐப்பசி மழையைத் தாங்கியிருக்கிறது; பெரிய சரிவு வந்தால் நிற்குமா என்று இப்போது உறுதி சொல்ல மாட்டேன். கூடலூர்க்காரர்களுக்கு என் கணக்கு பொருந்தாது: அங்கே ஜென்மம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலத்தில் பட்டா இழுபறியாகவே இருக்கிறது. பட்டாவைப் பார்க்காமல் அங்கே ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

போன ஐப்பசியில் எங்கள் தகட்டில் ஓர் ஆணி கழன்றது. அப்பா ஏணி போட்டு ஏறி முடுக்கிவிட்டு இறங்கினார். கை கழுவியதும், ஓய்வுபெற்றவர்கள் சங்கக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.