வியன்னாவில் ஒரு நாள்: புரூகலின் ஓவியங்களிலிருந்து பிராம்ஸின் சிம்பொனி வரை

வியன்னாவுக்கு இரண்டாம் முறை சென்றபோது ஒரு முழு நாளை மூன்று இடங்களுக்கு மட்டுமே ஒதுக்கினேன். காலையில் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் எனப்படும் கலை வரலாற்று அருங்காட்சியகம், பிற்பகலில் அதே நிறுவனத்தின் பழைய இசைக்கருவிகள் தொகுப்பு, மாலையில் மூசிக்ஃபெரைன் அரங்கில் ஒரு கச்சேரி. முதல் பயணத்தில் ஒரே நாளில் ஐந்து அருங்காட்சியகங்களுக்குள் நுழைந்து வெளியேறி, இரவில் எந்த ஓவியத்தை எங்கே பார்த்தோம் என்பதே நினைவில் இல்லாமல் படுத்த வருத்தம் இன்னும் மனத்தில் இருக்கிறது. இம்முறை தேர்ந்துகொண்ட மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அதனாலேயே இந்த வரிசையை, இசையில் நாட்டமுள்ள எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

1891இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தின் படிக்கட்டிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். தூண்களுக்கு இடையே, அண்ணாந்து பார்த்தால் மட்டுமே தெரியும் உயரத்தில், இளவயது குஸ்தவ் கிளிம்ட் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. அவற்றைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். கதவு திறந்ததும் நேரே மேல்தளத்துக்குச் சென்று மூத்த பீட்டர் புரூகலின் ஓவியங்கள் இருக்கும் கூடத்தை அடைவதே நல்லது. உலகெங்கும் சேர்த்து அவருடைய ஓவியங்கள் ஏறத்தாழ 40 மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றில் 12 இந்த ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதல் அரை மணி நேரம் கூட்டம் இல்லை. 1565இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தின் முன் அமர்ந்து, தொலைவில் உறைந்த குளத்தின்மேல் சறுக்கி விளையாடும் சிறு உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. அதன் பிறகு பயணக் குழுக்கள் வரத் தொடங்கினால் அந்த அமைதி கிடைக்காது.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தியது ‘உழவர் திருமணம்’. கழற்றிய கதவொன்றையே தட்டாக்கி இருவர் உணவைச் சுமந்து வருகிறார்கள். முன்னால் தரையில் அமர்ந்த குழந்தை, தலையில் மயிலிறகு செருகிய பெரிய தொப்பியுடன், தட்டை வழித்து நக்குகிறது. பின்னால் தோல்பைக் குழலுடன் இரண்டு இசைஞர்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாசிப்பதை விட்டுவிட்டு, வரும் உணவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணக் கச்சேரிக்கு வந்த இசைஞரின் பசியை இவ்வளவு பரிவோடு வேறு எவரும் வரைந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உள்ள ‘உழவர் நடனம்’ ஓவியத்திலும் கன்னம் உப்ப அதே குழலை ஊதுகிறார் ஒருவர். ஒலி இல்லாத ஓவியங்களில் இவ்வளவு இசை இருப்பதைக் கண்ட பிறகு, இசைக்கருவிகள் தொகுப்புக்குச் செல்லும் ஆவல் தானாகவே வந்துவிட்டது.

அருங்காட்சியகத்தின் மற்றப் பகுதிகளை நான் விரைவாகவே கடந்தேன். குவிமாடத்தின் கீழ் உள்ள உணவகம் அழகானது, ஆனால் நண்பகலில் இடம் கிடைப்பது கடினம்.

இசைக்கருவிகள் தொகுப்பு, சாலையைக் கடந்தால் வரும் ஹெல்டன்பிளாட்ஸ் திடலை ஒட்டிய நோயே புர்க் அரண்மனைக்குள் இருக்கிறது. வியன்னாவுக்கு வரும் பயணிகளில் மிகச் சிலரே இங்கே ஏறி வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. டிரோல் பகுதியை ஆண்ட இரண்டாம் ஃபெர்டினாண்ட் தம் அம்ப்ராஸ் கோட்டையில் சேர்த்துவைத்த மறுமலர்ச்சிக் காலக் கருவிகளிலிருந்து தொடங்கி, பியானோ எனும் கருவி எப்படி வளர்ந்தது என்பதைக் கூடம் கூடமாகக் கண்முன் வைக்கிறது இந்தத் தொகுப்பு. அங்கே கொன்ராட் கிராஃப் செய்த பியானோ ஒன்று இருக்கிறது. 1840இல் பியானோ கலைஞர் கிளாராவும் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனும் மணந்துகொண்டபோது கிளாராவுக்குப் பரிசாக வந்தது அது. ராபர்ட்டின் மறைவுக்குப் பின் கிளாரா அதை இசையமைப்பாளர் பிராம்ஸுக்குக் கொடுத்தார். மூன்று பேருடைய விரல்கள் பட்ட கட்டைகளுக்கு ஓரடி தூரத்தில் நிற்கும்போது, இதுவரை ஒலித்தட்டுகளில் மட்டுமே அறிந்த பெயர்கள் மனிதர்களாகின்றன. குறை ஒன்றுதான்: கருவிகள் எல்லாம் மௌனமாக இருக்கின்றன. அந்தப் பியானோவின் ஒலி இன்றைய பியானோவின் ஒலியிலிருந்து எவ்வளவு வேறுபடும் என்பதைக் கேட்காமல், மரத்தையும் தந்தியையும் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நகரின் மையத்தில் மோட்சார்ட் காலத்து உடையும் பொய்முடியும் அணிந்து நுழைவுச்சீட்டு விற்பவர்கள் பலர் நிற்கிறார்கள். முதல் பயணத்தில் அவர்களில் ஒருவரிடம் சீட்டு வாங்கி, புகழ்பெற்ற படைப்புகளின் துண்டு துண்டான பகுதிகளை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு படைப்பை முழுதாகக் கேட்க விரும்புபவர்கள் அரங்கின் சொந்த விற்பனை நிலையத்திலோ இணையதளத்திலோ நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டு வாங்குவதே முறை.

மூசிக்ஃபெரைனில் நான் எடுத்தது நின்று கேட்கும் சீட்டு. தியோஃபில் ஹான்சன் வடிவமைத்து 1870 ஜனவரியில் திறக்கப்பட்ட கட்டடம் அது. அதன் பொற்கூடத்தில் 1,744 இருக்கைகளும் ஏறத்தாழ 300 பேர் நிற்பதற்கான இடமும் உள்ளன. நிற்கும் இடம் கீழ்த்தளத்தின் கடைசியில் இருப்பதால், முன்வரிசைக் கம்பியைப் பிடிக்காதவர்களுக்கு மேடை சரியாகத் தெரியாது. கதவு திறப்பதற்கு முன்பே சென்று காத்திருக்க வேண்டும். காலை முழுதும் அருங்காட்சியகத்தில் நடந்த கால்களுக்கு இது எளிதன்று. ஆகவே பிற்பகலில் இரண்டு மணி நேரமாவது எங்கேனும் உட்கார்ந்திருப்பது அவசியம். முதியவர்கள் இருக்கைச் சீட்டே வாங்க வேண்டும்.

ஒலியைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. 48.8 மீட்டர் நீளமும் 19.1 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகப் பெட்டி போன்ற கூடம். மரத்தரையின் கீழ் வெற்றிடம் இருக்கிறது, மேற்கூரையோ சுவரின்மேல் அமராமல் மேலிருந்து தொங்கவிடப்பட்டிருக்கிறது. அரங்க ஒலியியல் தனி அறிவியலாக வளர்வதற்கு முன்பே கட்டப்பட்ட அந்தக் கூடத்தில், டபுள் பாஸ் எனும், வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவிகளின் அடித்தொனியைக் காதால் கேட்பதற்கு முன் உள்ளங்காலில் உணர்ந்தேன். அதை இருக்கையில் அமர்ந்தவர்கள் உணர்ந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

இடைவேளைக்குப் பின் பிராம்ஸின் மூன்றாம் சிம்பொனி. 1883 டிசம்பர் 2 அன்று அது முதன்முதலில் ஒலித்ததும் இதே கூடத்தில்தான். கச்சேரியில் தாளம் போட்டுப் பழகிய என் கை இருமுறை கம்பியைத் தட்டப் போய் நின்றது. அங்கே எவரும் அசைவதுகூட இல்லை. இந்தச் சிம்பொனியின் நான்கு பகுதிகளுமே அடங்கிய ஒலியில் முடிகின்றன. தொடக்கத்தில் ஆவேசமாக எழுந்த அதே சுரவரிசை, இறுதியில் வயலின்களில் மெல்ல இறங்கி வந்து கரைந்தது. பிற்பகலில் வாய்மூடி நின்ற அந்தப் பியானோவைத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். கடைசி ஒலி கூரையில் முழுதாகத் தேயும்வரை எவரும் கைதட்டவில்லை.