பேராவூரணியில் உட்கார்ந்து பார்த்த ‘கேம்ஸ் டன் க்விக்’

எங்கள் ஊர்த் திருவிழாவில் மைக் செட் கட்டிவிட்டால் பாட்டைவிட அதிகமாகக் காதில் விழுவது நன்கொடை கொடுத்தவர் பேரும் தொகையும்தான். இன்னார் மகன் இன்னார், இந்தத் தெரு, ஐந்நூற்று ஒன்று. ஐம்பது ரூபாய் கொடுத்த ஆயா பேரையும் அதே குரலில்தான் வாசிப்பார்கள். கேம்ஸ் டன் க்விக் பார்க்க உட்கார்ந்த முதல் ராத்திரியே எனக்கு அந்த மைக்தான் ஞாபகம் வந்தது, இத்தனைக்கும் அது நடப்பது அமெரிக்காவில்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரியில் ஒன்று, கோடையில் ஒன்று என்று பெரிய நிகழ்ச்சிகள் இரண்டு. ஒரு வாரம் ராப்பகலாக, ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, ஒரு வீடியோ கேமை எவ்வளவு வேகமாக முடிக்க முடியுமோ அவ்வளவு வேகமாக முடித்துக் காட்டுவார்கள். ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு யூடியூபிலும் வந்துவிடும். பார்க்கிறவர்கள் அனுப்பும் பணம் ஜனவரியில் ப்ரிவென்ட் கேன்சர் ஃபவுண்டேஷனுக்கும், கோடையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் நேரடியாகப் போகிறது. 2010இல் முதல் தடவை நடத்தப் போன இடத்தில் இன்டர்நெட் சரியில்லாமல், அமைப்பாளரின் அம்மா வீட்டுக்கே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் நடத்தினார்கள், அப்போது சேர்ந்தது 10,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே. நான் ஒரு வாரமும் கூடவே இருந்து பார்த்த 2024 ஜனவரியில் 25 லட்சம் டாலர் தாண்டியது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 21 கோடி ரூபாய்.

அது தொடங்கிய ஜனவரி 14 நமக்குப் போகி. நடந்த ஊர் பிட்ஸ்பர்க், அங்கே மத்தியானம் 12 என்றால் இங்கே ராத்திரி 10.30. பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகனும் என்னோடு உட்கார்ந்துவிட்டான். அந்த வாரம் எல்லாரும் பேசியது ஒரு நாயைப் பற்றி, அதை நாங்கள் பதிவில்தான் பார்த்தோம். பீனட் பட்டர் என்று பேர், ஷிபா இனு வகை. விளையாடியது 1985இல் வந்த ஜைரோமைட் என்ற நின்டெண்டோ கேம். அதில் ஒரு ப்ரொஃபஸர் தூக்கத்திலேயே நடந்துகொண்டிருப்பார், வழியில் நிற்கும் தூண்களை ஏற்றி இறக்கி அவரை நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வளர்த்தவர் நாயின் பாதத்துக்குத் தோதாகப் பெரிய பட்டன் வைத்து ஒரு கன்ட்ரோலரே செய்திருந்தார். அவர் சொன்னால் பாதத்தை வைக்கிறது, சொன்னால் எடுக்கிறது, நடுநடுவே வாய்க்கு ஏதாவது கிடைக்கிறது. “மாமா, அது தப்பா அமுக்கிட்டா அவர் செத்துடுவாரா மாமா?” என்று இவன் கேட்டுக்கொண்டே இருந்தான். 26 நிமிடத்துச் சொச்சத்தில் முடித்துவிட்டது. அதற்குப் பின்னால் எத்தனை மாதப் பழக்கம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், மனசு நிறைந்துபோனது.

விளையாடுகிறவருக்குப் பின்னால் சோபாவில் நாலு பேர் உட்கார்ந்து, சுவருக்குள் எப்படிப் புகுந்தார், அந்த க்ளிட்ச், அதாவது கேமில் இருக்கும் கோளாறு, ஏன் வேலை செய்கிறது என்று விளக்குவார்கள். நடுவில் மைக்கில் இருப்பவர் “ஒரு நன்கொடை வாசிக்கலாமா?” என்று கேட்பார், “இந்த இடம் கஷ்டம், கொஞ்சம் பொறுங்க” என்பார் விளையாடுகிறவர், தாண்டியதும் “இப்போ படிங்க” என்பார். அம்மா புற்றுநோயில் போய்விட்டார், அவர் நினைவாக இந்தப் பணம், என்று வரும். ஹால் அமைதியாகிவிடும், கை மட்டும் விளையாடிக்கொண்டே இருக்கும். பணம் கேமையும் மாற்றும். 1994இல் வந்த சூப்பர் மெட்ராய்டில் கடைசியில் கிரகம் வெடிக்கப்போகும் நேரத்தில் சில விலங்குகளைக் காப்பாற்றலாம், ஆனால் நேரம் போய்விடும். காப்பாற்றுவதா விடுவதா என்று இரண்டு பக்கமும் பணம் கட்டுவார்கள், எந்தப் பக்கம் அதிகமோ அதன்படிதான் விளையாடுகிறவர் செய்ய வேண்டும். பழைய வருடப் பதிவுகளில் அதைத் தேடிப் பாருங்கள், கடைசி நிமிடம்வரை இழுபறிதான்.

எங்கள் பக்கம் ஆடி வந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, நோட்டில் பேர் எழுதி லட்சக்கணக்கில் வசூலாகும். நல்ல ஏற்பாடுதான், அதில் எழுந்து நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் மொய் திரும்பிப் போக வேண்டிய பணம், நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த முறை செய்ய வேண்டும். கேம்ஸ் டன் க்விக்கில் கொடுக்கிறவனுக்கு வாங்குகிறவன் யாரென்றே தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்டபோது ஊர் பேர் தெரியாதவர்கள் லாரியில் அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள், எந்த நோட்டிலும் அவர்கள் பேர் இல்லை. அதனால்தான் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதே மாதிரி இன்னொன்று கனடாவில் 2007 முதல் நடக்கும் டெசர்ட் பஸ். அந்தப் பேரிலேயே உள்ள கேமில், பாலைவனத்தில் டூசானிலிருந்து லாஸ் வேகாஸுக்கு நிஜமாகவே எட்டு மணி நேரம் பஸ் ஓட்ட வேண்டும், பஸ் வலதுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், போய்ச் சேர்ந்தால் ஒரே ஒரு பாயின்ட். தஞ்சாவூர் பஸ்ஸில் சென்னைக்குப் போனவர்களுக்கு அந்த எட்டு மணி நேரம் புரியும். அது சைல்ட்ஸ் ப்ளே என்ற தொண்டு அமைப்பு மூலமாக ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் பணம் திரட்டுகிறது. எனக்கு அதில் பேச்சு ஜாஸ்தி, கேம் கம்மி. முதலில் கேம்ஸ் டன் க்விக்கே பாருங்கள்.

குறை என்றால், இங்கிருந்து பணம் அனுப்புவதுதான். என் கார்டு மூன்று தடவை திரும்பி வந்தது, பேங்க்கில் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் பார்த்தால் வெளிநாட்டுப் பரிமாற்றம் மூடியே இருந்தது, இப்போது வரும் கார்டுகளில் அதை நாமேதான் திறந்துவிட வேண்டும். ஆப்பில் திறந்து, 5 டாலர் அனுப்பி, உடனே மறுபடி மூடிவிட்டேன். டாலர் மாற்றும் கட்டணம் தனி. வருமான வரியில் நன்கொடைக்குத் தரும் 80ஜி கழிவும் இதற்குக் கிடைக்காது. அப்புறம் மொழி. பிரெஞ்சில் எல்லாம் தனி வர்ணனை ஓடுகிறது, தமிழில் நான் பார்த்தவரை இல்லை. அக்கா மகனுக்கு ஒவ்வொன்றாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதி ராத்திரிக்கு மேல் அம்மாவும் போர்வையோடு வந்து உட்கார்ந்து, “அந்தப் புள்ள எதுக்குடா சுவத்துல முட்டிக்கிட்டே நிக்குது?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐந்துக்கு நாலரை. புதிதாகப் பார்ப்பவர்கள் நாயில் தொடங்குங்கள், கார்டை முன்னாடியே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.